வீட்டு இன்குபேட்டரில் குஞ்சு பொரிப்பது: தண்ணீர் ஊற்றும் முன் படிக்க வேண்டியது

நான் முதன்முதலில் இன்குபேட்டரில் வைத்த 20 முட்டைகளில் நான்கு மட்டுமே பொரித்தன. மற்றவை எல்லாம் கூமுட்டைகள் என்றால் மனம் ஆறியிருக்கும். 23ஆம் நாள் உடைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் முழுதாக வளர்ந்த குஞ்சுகள், அலகும் நகமும் தூவியுமாக, ஈரத்தில் ஊறிச் செத்துக் கிடந்தன. வெப்பநிலையை இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்; அதில் பிழை இல்லை. பிழை தண்ணீரில். தூத்துக்குடியில், கடற்காற்று வீட்டுக்குள் வந்துபோகும் இடத்தில், ஐப்பசி மழை நாளில், கையேட்டில் போட்டிருக்கிறது என்பதற்காகத் தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி வைத்தவன் நான்.

எண்களை மனப்பாடம் செய்துகொண்டு இந்த வேலையில் இறங்கினால் இப்படித்தான் ஆகும். அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது முட்டைக்குள் பார்த்தால் தெரியும். அதனால் பெட்டியைப் பிறகு பார்ப்போம்.

மஞ்சள் கரு, வெள்ளைக்கரு என்று சொல்லிச் சொல்லி, மஞ்சள்தான் குஞ்சாகிறது என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். இரண்டுமே கரு அல்ல. மஞ்சள் என்பது கட்டுச்சோறு. வெள்ளை என்பது நீரும் புரதமும் சேர்ந்த மெத்தை. குஞ்சாகப் போவது மஞ்சளின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சிறு வெண்புள்ளி. சேவல் சேராத கோழியின் முட்டையில் அது ஒழுங்கற்ற சிறு திட்டாக இருக்கும். சேவல் சேர்ந்திருந்தால் நடுவில் புள்ளியும் சுற்றிலும் வளையமுமாக, ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் அகலத்தில் தெளிவாகத் தெரியும். ஆம்லெட்டுக்கு முட்டை உடைக்கும்போது வாணலியில் நேராக ஊற்றாமல் தட்டில் ஊற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சேவலைப் பற்றி அந்தத் தட்டு சொல்லிவிடும். எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும்.

இதனால்தான் மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளை முட்டை பொரிக்காது. நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் இருப்பவை கோழிகள் மட்டுமே. சேவலுக்கு அங்கே இடமில்லை. வருடத்துக்கு ஒருவராவது என்னிடம் கடை முட்டையைக் கொண்டுவந்து இதை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள்.

இனி அந்த வெண்புள்ளியின் இன்னொரு குணம். முட்டை வெளியே வருவதற்கு முன்பே, கோழியின் உடலுக்குள் ஓடு கட்டிக்கொள்ளும் ஏறக்குறைய ஒரு நாள் பொழுதில், அது பல்லாயிரம் செல்களாகப் பிரிந்துவிடுகிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். கரு சாகவில்லை, காத்திருக்கிறது. ஒரு சிறுவிடை நாட்டுக்கோழி 12, 13 முட்டைகளை நாளுக்கொன்றும் இரண்டு நாளைக்கொன்றுமாக இட்டு முடித்த பிறகே அடையில் உட்காருகிறது. எங்கள் பக்கம் இதை அவயம் என்பார்கள். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தாலும் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில் வெளிவருவது இந்தக் காத்திருப்பால்தான். கோழி உட்கார்ந்த நாள்தான் எல்லா முட்டைகளுக்கும் முதல் நாள்.

காத்திருக்கவும் ஒரு வெப்பநிலை வேண்டும். 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் நல்லது. 20க்கு மேல் போகப்போக வளர்ச்சி அரைகுறையாகத் தொடங்கும். தொடங்கி, நின்று, தொடங்கினால் கரு பலவீனமாகிவிடும். சித்திரை வெயிலில் அறை வெப்பமே 34, 35 இருக்கும்போது அலமாரியில் பத்து நாள் முட்டை சேர்த்து வைப்பது வீண் வேலை. குளிர்ப்பெட்டியிலும் வைக்காதீர்கள், அங்கே 4 டிகிரி, அது அதிகக் குளிர். வாய் அகன்ற மண்பானையில் ஈர மணல் நிரப்பி, மேலே துணி விரித்து, அதன்மேல் முட்டைகளை வைத்து நிழலில் வைக்கும் பழைய முறை இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. அப்படி வைத்தாலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். கோடையில் நான் நான்கு நாளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முட்டையைக் கழுவக் கூடாது. ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருக்கிறது. கிருமிகளைத் தடுப்பது அதுதான். எச்சம் அப்பிய முட்டையைக் கழுவி வைப்பதைவிட குழம்புக்கு அனுப்பிவிடலாம். விரிசல் விட்டது, அளவுக்கு மீறிப் பெரியது, கோணலானது ஆகியவையும் அடுப்படிக்கே. கூரான முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று பார்த்துப் பொறுக்குபவர்கள் உண்டு. அரிஸ்டாட்டில் இதையே தலைகீழாக, நீண்டு கூரானதில் பெட்டை என்று எழுதி வைத்தார். இரண்டு கட்சியும் தோற்றதுதான். சேவலா பெட்டையா என்பது முட்டை உருவாகும்போதே தாய்க்கோழியின் பக்கத்திலிருந்து முடிவாகிவிடுகிறது. ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெப்பம்

மின்விசிறி உள்ள பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டில் 99.5. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.9 வரை வைக்க வேண்டும். தெர்மோகோல் பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் எரியவிடும் தெர்மோஸ்டாட், பழைய கணினியிலிருந்து கழற்றிய ஒரு சிறு விசிறி. இவ்வளவு போதும். ஆனால் விசிறியை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அது இல்லாத பெட்டியில் ஒரு மூலை 36, இன்னொரு மூலை 39 என்று இருக்கும். நடுவில் நீங்கள் எதைப் பார்த்து மகிழ்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

மலிவான தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருக்கும். மனித உடலின் வெப்பமும் முட்டைக்கு வேண்டிய வெப்பமும் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பது நமக்கு வாய்த்த நல்லூழ். அந்தக் கருவி துல்லியமாக இருப்பது சரியாக இந்த இடத்தில்தான். ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அதையும் தெர்மோஸ்டாட்டின் நீர் புகாத உணரியையும் ஒன்றாகப் பிடித்து எவ்வளவு வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய எகிப்தில் மண் செங்கல்லால் கட்டிய பெரிய பொரிப்புக் கூடங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளைத் தீ மூட்டிப் பொரித்தார்கள். அவர்களிடம் தெர்மாமீட்டர் இல்லை. முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிப் பார்த்துச் சூட்டைக் கணித்தார்கள். நமக்கு அவ்வளவு தேர்ச்சி வராது.

பெட்டியை ஒரு நாள் முழுக்க வெறுமையாக ஓட்டி, வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே முட்டைகளை வைக்க வேண்டும். குளிர்ந்த முட்டைகளை வைத்ததும் எண் சரிந்துவிடும். பதறிக்கொண்டு திருகைத் திருப்பாதீர்கள், சில மணி நேரத்தில் தானே ஏறும்.

குளிர்ச்சியைவிடச் சூடுதான் பெரிய எதிரி. அடையில் இருக்கும் கோழியே நாளுக்கு ஒரு முறை கால் மணி, இருபது நிமிடம் எழுந்து போய் இரை தின்று, எச்சமிட்டு, மண்ணில் புரண்டுவிட்டு வருகிறது. முட்டைகள் அதைத் தாங்கும் விதமாகவே படைக்கப்பட்டிருக்கின்றன. 35 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் இருந்தால் பெரும்பாலும் வளர்ச்சி சற்றுத் தாமதப்படும், அவ்வளவுதான். 40.5 டிகிரியில் கால் மணி நேரம் இருந்தாலே கரு பாதிக்கப்படும். ஆகவே மின்சாரம் நின்றால் பெட்டியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை அடைக்காமல், மேலே ஒரு போர்வை போட்டு மூடிவையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் பாட்டிலில் சுடுநீர் நிரப்பி உள்ளே வைக்கலாம்.

கோடையில் வேறொரு சிக்கல். இன்குபேட்டருக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. வேலூரிலோ கரூரிலோ மே மாதப் பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் அறை வெப்பம் 39 ஆனால், பல்பு அணைந்தே கிடந்தாலும் பெட்டிக்குள் 39தான். போதாததற்கு, இரண்டாவது வாரத்துக்குப் பிறகு கருக்கள் தாமே வெப்பம் விடத் தொடங்கும்; நெருக்கமாக அடுக்கிய பெட்டியில் எண் தானாகவே ஏறும். வீட்டிலேயே குளிர்ந்த, நேர் வெயில் படாத, ஜன்னல் காற்று அடிக்காத அறை எதுவோ அதுதான் பெட்டிக்குரிய இடம். அப்படி ஓர் அறை இல்லையென்றால் ஆடி கழியும்வரை காத்திருங்கள்.

தண்ணீர்

நான் தவறிய இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முட்டை ஓடு மூடிய சுவர் அல்ல. அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே நீராவி வெளியேறிக்கொண்டும் காற்று உள்ளே வந்துகொண்டும் இருக்கும். நீர் போன இடத்தைக் காற்று பிடிக்கும். அது முட்டையின் அகன்ற முனையில் ஒரு சிறு அறையாகத் திரளும். அவித்த முட்டையை உரிக்கும்போது ஒரு பக்கம் குழிந்திருக்கிறதே, அந்த இடம்தான். முதல் நாளில் சிறியதாக இருக்கும் இந்தக் காற்றறை 18ஆம் நாளில் முட்டையின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும். குஞ்சு தன் வாழ்நாளின் முதல் மூச்சை இழுப்பது இந்த அறையிலிருந்துதான்.

உள்ளே ஈரம் அதிகமானால் முட்டையின் நீர் வெளியேறாது. காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு ஊதிப் பெருத்துவிடும். தலையைத் திருப்ப இடமில்லாமல், அலகை நீட்டும்போது காற்றுக்குப் பதில் நீர் புகுந்து செத்துவிடும். என் குஞ்சுகளில் பெரும்பாலானவை போனது இப்படித்தான். ஈரம் மிகக் குறைந்தாலோ, குஞ்சு வற்றிச் சிறுத்து, உள்சவ்வு தோல்போல இறுகி அதன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

நடுவழி எது? முதல் 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதத்தை இழக்க வேண்டும். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று புத்தகங்களில் போட்டிருப்பதெல்லாம் இந்த 12ஐ எட்டுவதற்கான வழிதான். எனவே நான் ஈரப்பதமானியைவிடத் தராசை நம்புகிறேன். 45 கிராம் நாட்டுக்கோழி முட்டைகள் பத்தை மொத்தமாகச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்தால் 450 கிராம். 18 நாளில் 54 கிராம் குறைய வேண்டும். அதாவது நாளுக்கு 3 கிராம். ஏழாம் நாள் 429 அருகில் இருந்தால் சரி. 437 இருந்தால் ஈரம் அதிகம், தண்ணீரை எடுத்துவிடுங்கள். 420 இருந்தால் தண்ணீர் போதவில்லை. கருக்கூடாத முட்டைகளை இடையில் எடுத்துவிட்டால் அவற்றின் எடையைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள மறக்க வேண்டாம்.

தட்டில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது பொருட்டல்ல, எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. நீர்ப்பரப்புதான் ஆவியாகிறது. ஈரம் கூட்ட வேண்டுமானால் அகலமான தட்டு வையுங்கள், அல்லது பஞ்சை நனைத்து வையுங்கள். கடற்கரை ஊர்களில் பாதி வருடம் முதல் 18 நாளுக்குத் தண்ணீரே தேவைப்படாது. இன்று நான் கார்த்திகை மாதத்தில் தட்டைத் தொடுவதே இல்லை. கோயம்புத்தூரிலோ சேலத்திலோ மாசி, பங்குனி வறண்ட காற்றில் வைத்திருப்பவர் என்னைப் பார்த்து அப்படிச் செய்தால் அவருடைய குஞ்சுகள் ஓட்டோடு ஒட்டிப்போகும்.

ஈரப்பதமானி வாங்கியிருந்தால் அதையும் ஒரு முறை சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்குச் சில துளி நீர் விட்டு, கருவியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் இரவு முழுக்க மூடி வையுங்கள். உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரத்தில் நிறுத்தும். காலையில் கருவி 68 காட்டினால் 7 குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். உப்பளத்துக்குப் பக்கத்தில் பிறந்த நான் இதைக் கற்றுக்கொண்டது முதல் 20 முட்டைகள் போன பிறகுதான்.

திருப்புதல்

கோழி அடையில் சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். அலகாலும் காலாலும் முட்டைகளை ஓயாமல் உருட்டிக்கொண்டுதான் இருக்கும். உருட்டாவிட்டால் கரு மேலே மிதந்து வந்து ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அதற்குச் சத்தும் காற்றும் கொண்டுசெல்லும் இரத்தக் குழாய்களும் சரியாகப் பரவாது. முதல் வாரத்தில் இது மிக முக்கியம். கையால் திருப்புபவர்கள் பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். நாளுக்கு மூன்று முறை அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையாக இருந்தால்தான் நீண்ட இரவுப் பொழுதில் நேற்று கீழே இருந்த பக்கம் இன்று மேலே இருக்கும். மோட்டார் வைத்த பெட்டியில் அகன்ற முனை மேலே இருக்கும்படி நிறுத்தி வைத்தால் போதும். அது 45 டிகிரி இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொள்ளும்.

ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசி டார்ச்சின் மேல் அட்டைச் சுருளை வைத்து, அதன் வாயில் முட்டையின் அகன்ற முனையைப் பொருத்திப் பாருங்கள். சிலந்திபோல ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து பிரியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. வெறும் மஞ்சள் ஒளியாகத் தெரிந்தால் கருக்கூடாத முட்டை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் தொடங்கிச் செத்துவிட்டது. பின்னிரண்டையும் எடுத்துவிட வேண்டும். சூட்டில் அழுகும் முட்டை வெடித்தால் அந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போக ஒரு வாரம் ஆகும். என் ஆச்சி இதையே உள்ளங்கையைக் குழல்போல மடக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிடுவார். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகும் என்று அடைக் கூடையில் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பதும் அவர்தான். இரும்பு இடியைத் தடுத்ததோ இல்லையோ, ஆச்சி வைத்த அடையில் நான் பெட்டியில் பொரிப்பதைவிட அதிகக் குஞ்சுகள் வந்தன.

கடைசி மூன்று நாள்

18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்துங்கள். முட்டைகளைப் படுக்க வைத்து, கீழே சொரசொரப்பான துணியோ வலையோ விரியுங்கள். செய்தித்தாள் வழுக்கி, குஞ்சின் கால்கள் பக்கவாட்டில் அகண்டுபோகும். இப்போது தண்ணீர் ஊற்றலாம், ஈரம் 65 முதல் 70 சதவீதம் வேண்டும். இதுவரை எதை எதிரி என்றேனோ அதுவே இப்போது துணை; ஓடு உடைபடும் நேரத்தில் சவ்வு காய்ந்து இறுகக் கூடாது. காற்றுத் துளைகள் நன்றாகத் திறந்திருக்கட்டும். பிறகு மூடியைத் தொடாதீர்கள்.

19 அல்லது 20ஆம் நாளில் குஞ்சு உள்சவ்வைக் கிழித்துக் காற்றறைக்குள் அலகை நுழைக்கும். இதுவரை ஓட்டுக்கு அடியில் பரவியிருந்த இரத்தக் குழாய்களே அதற்கு நுரையீரல். இப்போதுதான் உண்மையான நுரையீரல் வேலையைத் தொடங்குகிறது. முட்டைக்குள்ளிருந்து கீச்சொலி கேட்கும். அறையில் உள்ள காற்று தீரத் தீர, பிடரியில் இதற்கென்றே தடித்திருக்கும் தசை துடித்து, அலகு நுனியில் உள்ள சிறு கடின முனை ஓட்டில் ஒரு விரிசல் போடும்.

அதன் பிறகு ஒன்றுமே நடக்காது. பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள். புதியவர்கள் இங்கேதான் பொறுமை இழந்து ஓட்டை நகத்தால் உரிக்கிறார்கள். அந்த இடைவேளையில் குஞ்சு தூங்கவில்லை. மிச்சமிருக்கும் மஞ்சளை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஓட்டடியில் உள்ள குழாய்களிலிருந்து இரத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. முன்கூட்டியே உரித்தால் அந்தக் குழாய்கள் அறுந்து இரத்தம் கொட்டும். வேலை முடிந்ததும் அதுவே மெல்லச் சுழன்று, அகன்ற முனையைச் சுற்றி வட்டமாக ஓட்டை வெட்டி, மூடியைத் தள்ளிவிட்டு வெளியே விழும்.

முதல் குஞ்சு வந்ததும் அதற்குப் பசிக்குமே என்று பெட்டியைத் திறப்பவர்கள் உண்டு. பசிக்காது. வயிற்றில் இழுத்துக்கொண்ட மஞ்சள் இரண்டு நாளுக்குத் தாங்கும். பின்தங்கிய முட்டைகளும் பொரிக்கும்வரை தாய்க்கோழி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க முடிவது இதனால்தான். ஒரு முறை மூடியைத் திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, பாதி உடைத்த குஞ்சின் மேல் சவ்வு இறுகிவிடும். தூவி காய்ந்து பஞ்சுபோல ஆகும்வரை, ஒரு நாள் ஆனாலும், அவை உள்ளேயே கிடக்கட்டும்.

எல்லாம் 20ஆம் நாளுக்கு முன்பே, தொப்புள் ஆறாமல் வந்தால் வெப்பம் அதிகம். 22, 23 என்று இழுத்தால் குறைவு. பொரிக்காதவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் உடைத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். ஈரத்தில் ஊறியதா, காய்ந்து ஒட்டியதா, முதல் வாரத்திலேயே நின்றதா என்று பார்த்து நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரியும்.

வெளியே எடுத்த குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். பல்பின் கீழே குவிந்து நெருங்கினால் குளிர்கிறது, மூலைக்கு ஓடினால் சுடுகிறது, தெர்மாமீட்டர் தேவையில்லை. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான முதல் சொட்டு மருந்தை ஏழாம் நாளில் போட உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அல்லது, அந்த நேரத்தில் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கோழி அடையில் இருந்தால், நன்றாக இருட்டிய பிறகு விளக்கில்லாமல் போய், ஒவ்வொரு குஞ்சாக அதன் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, கீழே உள்ள முட்டைகளை எடுத்துவிட்டு வந்துவிடுங்கள். முதலில் சற்று முனகும். விடிந்ததும் அவற்றைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறப் போய்விடும்.